வெற்றுத் தகட்டின் விளக்கு

நினைவுப் பலகையில் பல்பு ஏற்றுவது ஸ்விட்ச் போடுகிற வேலை இல்லை. நடைக்கூடத்துச் சுவரில் முந்நூறு பித்தளைத் தகடுகள். ஒவ்வொன்றிலும் இறந்துபோன ஒருவரின் பெயரும் தேதியும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் சுண்டுவிரல் நுனி அளவில் ஒரு பல்பு. பலகைக்குள் மின்சாரம் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். பல்பைக் கால் சுற்று உள்ளே திருகினால் அதன் அடிமுனை தகட்டைத் தொட்டு எரியும். கால் சுற்று வெளியே திருகினால் தொடர்பு விட்டுப்போய் அணையும். ஒருவர் இறந்த நாள் வருகிற வாரம் முழுக்க அவருடைய விளக்கு எரிய வேண்டும். அடுத்த ஞாயிறு காலை அதை அணைத்துவிட்டு, அந்த வாரத்துக்கு உரியவர்களுடையதை ஏற்ற வேண்டும். ஹார்ட்லி ஊரின் மேட்டுத்தெரு யூத ஜெபக்கூடத்தில் இந்த வேலையை முப்பத்திரண்டு வருஷமாகச் செய்துவந்தவர் பெர்னிஸ் லோவி.

பலகையின் கீழ்வரிசையில் இனிமேல் வரப்போகிறவர்களுக்காகச் சில தகடுகள் வெறுமையாக இருந்தன. அவற்றில் இடமிருந்து இரண்டாவதின் விளக்கு ஒவ்வொரு வருஷமும் யூத நாட்காட்டியின் ஷெவாட் மாதக் கடைசியில், பனி நன்றாக இறுகிக் கிடக்கும் ஒரு வாரத்தில், எரியும். யாராவது பார்த்தால் ஏதோ லூஸ் காண்டாக்ட் என்று நினைத்துக்கொள்வார்கள். யாரும் கேட்டதில்லை.

அந்த விளக்கு யாருக்கு என்பது பெர்னிஸுக்கும் அவர் கணவர் லெஸ்டருக்கும் மட்டும்தான் தெரியும். லெஸ்டர் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது.

ஐம்பது வருஷத்துக்கு முன்னால் அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை ஏழாம் மாதத்தில் பிறந்தது. ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் பதினோரு நாள் இருந்தது. ஆண் குழந்தையாக இருந்தால் எட்டாம் நாள் விருத்தசேதனத்தின்போது பெயர் வைத்துவிடுவார்கள். பெண் குழந்தைக்கு அப்படி நாள் குறிப்பு இல்லை. அப்பா ஒரு சனிக்கிழமை ஜெபக்கூடத்துக்குப் போய், வேதமான தோரா ஏட்டை வாசிக்கும்போது முன்னால் நின்று பெயர் சொல்ல வேண்டும். அந்தச் சனிக்கிழமை முழங்கால் அளவு பனி. அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்றார் லெஸ்டர். அடுத்த வாரம் குழந்தை இல்லை.

பெர்னிஸ் காய்ச்சலில் கிடந்தார். அடக்கத்துக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை. எழுந்து நடமாட ஆரம்பித்ததும் அப்போதைய ரபியிடம் போய்க் கேட்டார். ரபி என்றால் சபையின் குரு. அவர் அன்போடுதான் பதில் சொன்னார்: முப்பது நாள் நிறையாத குழந்தைக்குத் துக்கம் காக்கச் சட்டம் சொல்லவில்லை, கதீஷ் சொல்லவும் தேவையில்லை, வீட்டுக்குப் போய் அடுத்த குழந்தையைப் பெற்றுக்கொள்ளுங்கள் என்று. அந்தச் சட்டம் கல்நெஞ்சில் பிறந்ததும் இல்லை. வீட்டுக்கு இரண்டு மூன்று குழந்தைகள் செத்துக்கொண்டிருந்த காலத்தில், பெற்றவர்கள் வாழ்நாள் முழுக்கத் துக்கத்திலேயே உட்கார்ந்திருக்கக் கூடாது என்று இரக்கப்பட்டு யாரோ எழுதியது. ஆனால் இரக்கமும் சில சமயம் கதவைச் சாத்திவிடும்.

அந்தக் கதவில் ஒரு சந்து இருந்ததைப் பெர்னிஸ் அடுத்த சனிக்கிழமையே கண்டுபிடித்தார்.

கதீஷ் என்பது இறந்தவர்களுக்காகச் சொல்லும் பிரார்த்தனை. ஆனால் அதில் சாவைப் பற்றி ஒரு சொல்கூடக் கிடையாது. முழுக்கக் கடவுளின் பெயரைப் புகழ்வதுதான். துக்கத்தில் இருப்பவர் எழுந்து நின்று வரி வரியாகச் சொல்வார். மற்றவர்கள் இடையிடையே ஆமென் என்பார்கள். அந்த ஆமென்தான் அதன் முதுகெலும்பு. பதில் சொல்லப் பத்துப் பேர் கூடாமல் அதைச் சொல்லவே கூடாது. ஆற்றுத்தெருவில் இருந்த இன்னொரு ஜெபக்கூடத்தில், கன்சர்வேடிவ் பிரிவுக்காரர்கள், இதைப் பழைய முறைப்படி செய்தார்கள்: துக்கம் உள்ளவர் மட்டும் நிற்பார், மற்றவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். மேட்டுத்தெரு சீர்திருத்தப் பிரிவு. அங்கே எல்லோருமே எழுந்து நின்று எல்லோருமே சொல்வார்கள். ஐரோப்பாவில் குடும்பத்தோடு கொல்லப்பட்டவர்களுக்குக் கதீஷ் சொல்ல ஒரு பிள்ளைகூட மிஞ்சவில்லை, அதனால் நாம் எல்லோரும் அவர்களுடைய பிள்ளைகளாக நிற்போம் என்பது அவர்கள் சொன்ன காரணம்.

நூற்றைம்பது பேர் நிற்கும் இடத்தில் நூற்றைம்பத்தோராவது ஆள் யாருக்காக நிற்கிறாள் என்று யார் கேட்கப்போகிறார்கள்? பெர்னிஸ் வாயைத் திறந்து சொன்னார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அன்று தொடங்கி ஐம்பது வருஷமாக ஒரு வாரமும் விட்டதில்லை. மூன்று வருஷம் கழித்துப் பிறந்த மகள் ராபின், பக்கத்தில் நின்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அதே பிரார்த்தனையை மனப்பாடம் செய்தாள். அம்மா அதை யாருக்குச் சொல்கிறாள் என்று அவளுக்கும் தெரியாது.

இரும்பு ஆலை மூடிய பிறகு ஊரில் யூதக் குடும்பங்கள் குறைந்துகொண்டே வந்தன. கடைசியில் ஆற்றுத்தெருக்காரர்கள் தங்கள் கட்டடத்தை விற்றுவிட்டு, நான்கு தோரா ஏடுகளையும் தங்கள் நினைவுப் பலகையையும் தூக்கிக்கொண்டு மேட்டுத்தெருவுக்கு வந்து சேர்ந்தார்கள். இரண்டு சபை ஒன்றாவது இரண்டு குடும்பம் ஒரே அடுப்பில் சமைப்பது மாதிரி. எதை யார் எப்படிச் செய்வது என்று ஒவ்வொன்றாகப் பேசித் தீர்க்க ஒரு வழிபாட்டுக் குழு போட்டார்கள்: அந்தப் பக்கம் மூன்று பேர், இந்தப் பக்கம் மூன்று பேர். தலைவர் பெர்னிஸ், சமமாகப் பிரிந்தால் மட்டும் அவர் ஓட்டுப் போடுவார்.

பல விஷயங்கள் சிரிப்போடே தீர்ந்தன. ஆர்கன் வெள்ளி மாலை வாசிக்கலாம், சனிக்கிழமை கூடாது. ஓய்வுநாளான சனிக்கிழமையில் இந்தக் கட்டடத்தில் யாரும் எந்த ஸ்விட்சையும் தொடக் கூடாது. ஆற்றுத்தெருக்காரர்கள் கணக்கில் விளக்கேற்றுவதும் அணைப்பதும்கூட வேலைதான், ஓய்வுநாளில் அது கூடாது. வேகம்தான் பெரிய வம்பாக இருந்தது. மேட்டுத்தெருவில் ரபி பக்க எண் சொல்லி நிதானமாக வாசிப்பார். ஆற்றுத்தெருவில் ஆளாளுக்கு முணுமுணுத்துக்கொண்டே குதிரைப் பாய்ச்சலில் போவார்கள்.

"நீங்க ஜெபம் பண்றீங்களா ஏலம் விடறீங்களான்னே எனக்குப் புரியல மெர்வின்" என்றார் மேட்டுத்தெருவின் ஓய்வுபெற்ற பல் மருத்துவர் வால்டர்.

"நீங்க ஆர்கன் வாசிச்சுத் தூங்க வெச்ச ஆளுங்கள நாங்க எழுப்பி விடறோம், டாக்டர். அதுக்கு நன்றி சொல்லுங்க" என்றார் மெர்வின் பிளாட்நிக்.

மெர்வின் ஆலையில் எலெக்ட்ரீஷியனாக இருந்தவர். எழுபத்தெட்டு வயது. ஊரின் இறந்தவர்களைக் குளிப்பாட்டி அடக்கம் செய்யும் குழுவை, எந்தச் சபை ஆளாக இருந்தாலும், ஆற்றுத்தெருக்காரர்கள்தான் நடத்திவந்தார்கள். மெர்வினின் அப்பா அதன் தலைவராக நாற்பது வருஷம் இருந்தவர். சபைகள் ஒன்றான மறுவாரமே மெர்வினின் மனைவி எஸ்டெல் இறந்துபோனார். மனைவிக்குக் கணவன் முப்பது நாள் கதீஷ் சொன்னால் போதும். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதனால் பிள்ளைகள் பெற்றோருக்குச் சொல்கிற பதினோரு மாதத்தையும் தானே சொல்வதென்று மெர்வின் எடுத்துக்கொண்டார்.

ஜனவரியின் மூன்றாம் ஞாயிறு கூட்டத்தில் கதீஷ் பேச்சு வந்தது. துக்கம் உள்ளவர்கள் மட்டும் நிற்க வேண்டும் என்று ஆற்றுத்தெரு மூவரும் கேட்டார்கள். வால்டர் ஐரோப்பாவில் இறந்தவர்களைப் பற்றிச் சொன்னார். அது வெறும் வாதம் இல்லை. அவருடைய அம்மாவின் ஊரில் ஒருவரும் மிஞ்சவில்லை. பெர்னிஸும், தலைவர் பேசத் தேவையில்லை என்றாலும், அதையே இரண்டு மடங்கு அழுத்தமாகச் சொன்னார். சொன்னதெல்லாம் உண்மைதான். ஆனால் தான் பேசுவது அவர்களுக்காக இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

மெர்வின் கடைசியில்தான் பேசினார். பேகல் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல்.

"எஸ்டெல் போன முதல் சனிக்கிழமை நான் எழுந்து நின்னேன். சுத்தி எல்லாரும் எழுந்தாங்க. பஸ்ஸுக்கு நிக்கற வரிசை மாதிரி இருந்துச்சு. பக்கத்துல நின்ன அம்மா என்னைப் பாத்துச் சிரிச்சு, இன்னிக்கு நல்ல வெயில் இல்லன்னு சொன்னாங்க. அவங்க மேல தப்பில்ல. எனக்கு என்ன ஆச்சுன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? எங்க இடத்துல, எங்க அப்பா போனப்ப, நான் ஒருத்தன்தான் நின்னேன். நூறு பேர் உக்காந்து என்னையே பாத்தாங்க. வெக்கமா இருந்துச்சு. ஆனா முடிஞ்சதும் நூறு பேரும் வந்து கையைப் பிடிச்சாங்க. ஐம்பத்தி மூணு வருஷம் கூட வாழ்ந்தவ. அவ போயிட்டான்னு யாராவது ஒருத்தர் என்னைப் பாக்கணும். அவ்வளவுதான் கேக்கறேன்."

ஓட்டு மூன்றுக்கு மூன்று. எல்லோரும் பெர்னிஸைப் பார்த்தார்கள். ஒரு வாரம் அவகாசம் கேட்டார்.

அந்த வாரம் முழுக்க அவர் மனதுக்குள் அதையே உருட்டிக்கொண்டிருந்தார். புது முறை வந்தால் நிற்பவரைச் சபை பார்க்கும். முடிந்ததும் வந்து கையைப் பிடித்து, யாருக்கு என்று கேட்கும். அதற்காகத்தானே அந்த முறை. அவருடைய அப்பா, அம்மா, கணவர் இறந்த தேதிகள் சபையில் பாதிப் பேருக்கு மனப்பாடம். பொய் சொல்லி ஒரு வாரம் நிற்கலாம். வாராவாரம் நிற்க முடியாது. உண்மையைச் சொல்வதென்றால் முதலில் ராபினிடம் சொல்ல வேண்டும். ஐம்பது வருஷம் மூடி வைத்ததை எந்தப் பக்கமிருந்து திறப்பது என்றே அவருக்குத் தெரியவில்லை. சட்டம் தேவையில்லை என்று சொன்ன துக்கத்தை அரை நூற்றாண்டாகச் சுமக்கிற கிழவி என்று பார்ப்பார்கள். பரிதாபப்படுவார்கள். அதைவிட மோசம், ஆறுதல் சொல்வார்கள்.

அவர் எதிர்த்து ஓர் ஓட்டுப் போட்டால் போதும், எதுவும் மாறாது. ஆனால் பஸ் வரிசை என்று மெர்வின் சொன்னது காதை விட்டுப் போகவில்லை. இத்தனை வருஷம் தன்னை மூடிக் காத்த அதே கூட்டம்தான் அந்த மனிதரையும் மூடிவிட்டது.

அடுத்த ஞாயிறு கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாக வந்து, பழைய வாரத்து விளக்குகளை அணைத்து, புது வாரத்து ஏழு விளக்குகளை ஏற்றினார். கடைசியாகக் குனிந்து, கீழ்வரிசையின் இரண்டாவது வெற்றுத் தகட்டின் விளக்கையும் திருகினார். அது எட்டாவது.

காபி போட்டுக்கொண்டு திரும்பியபோது மெர்வின் பலகை முன்னால் மண்டியிட்டிருந்தார். சட்டைப் பையில் டெஸ்டர் இருந்தது.

"ஒண்ணு சும்மா எரிஞ்சிட்டிருந்துச்சு பெர்னிஸ். பேரே இல்லாத தகடு. அணைச்சிட்டேன். உங்க பலகை வயரிங் ரொம்பப் பழசு, அடுத்த மாசம் எல்லாத்தையும் பாத்துத் தரேன்."

"ரொம்ப நன்றி மெர்வின்" என்றார் பெர்னிஸ். உதவி செய்த மனிதர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழ முடியாமல் எழுந்தார். கோட்டின் மேல்பொத்தான் கீழ்த்துளையில் மாட்டியிருந்தது. அதைச் சரிசெய்துவிட வீட்டில் ஆள் இல்லை.

கூட்டத்தில் பெர்னிஸ் இரண்டு நிமிஷம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. துக்கம் உள்ளவர்கள் மட்டும் நிற்கட்டும் என்று கையைத் தூக்கினார். வால்டர் முகம் சுருங்கிப்போய், போன வாரம் நீங்கள் பேசியது வேறு மாதிரி இருந்ததே என்று கேட்டார். மனசு மாறிவிட்டது என்று மட்டும் சொன்னார். அந்த வாரம் அவர் பலகைப் பக்கம் போகவில்லை. அணைந்து கிடப்பதைப் பார்க்க மனசில்லை; மறுபடி ஏற்றினால் மெர்வின் மறுபடி அணைப்பார்.

சனிக்கிழமை ராபின் பிட்ஸ்பர்க்கிலிருந்து அம்மாவைப் பார்க்க வந்திருந்தாள். இருவரும் வழக்கமான நான்காம் வரிசையில் உட்கார்ந்தார்கள். ரபி ஓர் இளம்பெண். அந்த வாரத்து ஏழு பெயர்களையும் வாசித்துவிட்டு, துக்கத்தில் இருப்பவர்களும் நினைவுநாள் உள்ளவர்களும் மட்டும் எழுந்து நிற்கும்படி கேட்டுக்கொண்டார்.

முன்வரிசையில் மெர்வின் எழுந்தார். பின்னால் இரண்டு மூன்று பேர் எழுந்தார்கள். மற்றவர்களெல்லாம் உட்கார்ந்தே இருந்ததில் கூடத்துக்கே பள்ளம் விழுந்தது போலிருந்தது. பெர்னிஸ் உட்கார்ந்திருப்பதென்றுதான் முடிவு செய்திருந்தார். முழங்கால்களுக்கு அது தெரியவில்லை. ஐம்பது வருஷப் பழக்கத்தில் அவை பாதி எழுந்துவிட்டன. முன்னிருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டு, நிற்கவும் இல்லாமல் உட்காரவும் இல்லாமல் தொங்கினார்.

ராபின் சட்டென்று அம்மாவின் முழங்கையைத் தாங்கினாள்.

"பாத்ரூமா, மா?"

பெர்னிஸ் தலையை ஆட்டினார்.

"நானும் வரட்டுமா?"

"வேண்டாம். நீ இரு."

நடைக்கூடத்தில் யாரும் இல்லை. வரிசையாகத் தொங்கிய கோட்டுகளிலிருந்து உருகிய பனி சொட்டிக்கொண்டிருந்தது. பலகையில் ஏழு விளக்குகள். எட்டாவது இருட்டாக இருந்தது. சனிக்கிழமை எந்த விளக்கையும் தொடுவதில்லை என்று அவர் தலைமையில்தான் தீர்மானம் எழுதினார்கள். குனிந்து, கால் சுற்றுத் திருகினார். எரிந்தது.

கதவின் இடுக்கு வழியாக மெர்வின் குரல் கேட்டது. நடுங்கினாலும் தெளிவாக வந்தது. பெர்னிஸ் அந்தக் குரலின் மேலேயே தன் சொற்களை வைத்து மெல்லச் சொன்னார், முந்தாமல், பிந்தாமல். அவருக்குப் பத்துப் பேர் இல்லை. ஆனால் மெர்வினுக்காக உள்ளே இருந்த எழுபது பேரும் ஆமென் என்றபோது, அந்த ஆமென் கதவுக்கு இந்தப் பக்கமும் ஒரு முறை விழுந்தது. அடுத்தவர் கம்பியில் கொக்கி போட்டு விளக்கெரிக்கிற மாதிரிதான். அப்படி எடுத்தது செல்லுமா என்று கேட்க இந்த முறை அவர் எந்த ரபியிடமும் போகப்போவதில்லை.

வழிபாடு முடிந்ததும் மெர்வினைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. கதவு திறந்தபோது பெர்னிஸ் பார்த்தார்: வரிசையாக வந்து கையைப் பிடித்தார்கள், வால்டரும் வந்து பிடித்தார். ராபினை ரபி பேச்சில் பிடித்து வைத்திருந்தார். பெர்னிஸ் பலகைக்கு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

மெர்வின் கோட்டு எடுக்க வந்தவர் பலகைப் பக்கம் திரும்பினார். கை தானாகவே அந்த விளக்கை நோக்கிப் போயிற்று. ஓர் அங்குலம் இருக்கும்போது நின்றது. இன்றைக்கு அவர் அதைத் தொட முடியாது. கையை மெல்ல மடக்கிக்கொண்டார். வெற்றுத் தகட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் பெர்னிஸைப் பார்த்தார். இறந்தவர்களின் வீடுகளில் வளர்ந்த மனிதர்; அதிகம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எத்தனை நாள் இருந்துச்சு?"

"பதினொண்ணு."

"எந்த வருஷம்?"

சொன்னார். மெர்வின் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார், பிறகு ஜெபக்கூடத்தில் தலையை மூடியிருக்க வேண்டும் என்ற நினைவு வந்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"அப்படின்னா அப்பாதான் எடுத்துட்டுப் போயிருப்பாரு. வேலி ஓரமா ஒரு வரிசை இருக்கு. அந்தக் குளிர்ல மண்ணு தோண்ட வராம, ராத்திரியெல்லாம் நெருப்பு மூட்டி இளக வெச்சாங்க. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"வரிசையில எது?"

அவர் தெரியாதென்று தலையை அசைத்தார். அந்தக் குழந்தைகளுக்குக் கல் நடுவதில்லை, எழுதியும் வைப்பதில்லை. அப்பாவுக்கே கடைசியில் மறந்துபோயிற்று என்றார். பிறகு, ஆறுதலாக இருக்கும் என்று நினைத்து, ஒன்று சொன்னார்.

"பேரில்லாம மட்டும் விடமாட்டாரு பெர்னிஸ். குழியில வைக்கறதுக்கு முன்னால ஒரு பேர் வெப்பாரு. நாளைக்கு மேல கடவுள் கூப்பிடும்போது குழந்தைக்குத் தெரியணும்ல. அதுதான் வழக்கம்."

பெர்னிஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என்ன பேர்?"

மெர்வின் வாயைத் திறந்தார். சொன்னது தப்பு என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. "தெரியாதும்மா" என்றார். இத்தனை நாளில் அவர் பெர்னிஸை அம்மா என்று கூப்பிட்டதில்லை. "அவரு சத்தமா சொல்லமாட்டாரு."

ஐம்பது வருஷமாகப் பெயர் இல்லாத ஒரு குழந்தைக்காக நின்றுவந்தார் பெர்னிஸ். அவளுக்குப் பெயர் இருந்திருக்கிறது. அறியாத ஒரு மனிதர், பனியில், ஒரு தடவை சொன்ன பெயர். இப்போது அந்தப் பெயர் தெரிந்தவர் இந்த உலகத்தில் ஒருவரும் இல்லை.

ராபின் இரண்டு கோட்டுகளோடு வந்தாள். அம்மாவை எழுப்பி, கையை நுழைத்து, கழுத்துவரை பொத்தான் போட்டுவிட்டாள். அப்போது அவள் கண் பலகைமேல் போயிற்று.

"மா, அங்க பாருங்க, ஒண்ணு பேரே இல்லாம எரியுது."

பெர்னிஸ் மகளின் முகத்தைப் பார்த்தார். உதடு பிரிந்தது. வார்த்தை வருவதற்குள் மெர்வின் முந்திக்கொண்டார்.

"லூஸ் காண்டாக்ட் பாப்பா. பழைய வயரிங். இன்னிக்குத் தொட முடியாது, எரியட்டும்."

"நாளைக்குக் காலைல நான் வந்து அணைச்சிடறேன்" என்றார் பெர்னிஸ்.

வெளியே மறுபடி பனி விழ ஆரம்பித்திருந்தது. படியில் வழுக்கும் என்று ராபின் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.